பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளும் பாதுகாப்புக் கமிட்டியும்

பொன்பாதம் ஷூ கம்பெனியில் பாதுகாப்பு என்பது சுவரில் மாட்டப்பட்டிருக்கும். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, முதலுதவி தெரிந்தவர் யார், கழிவறையில் எப்படி உட்காருவது, யாரிடம் புகார் சொல்வது என்று எல்லாவற்றையும் தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சுவரில் இடம் தீர்ந்தபோது அவசர வழிக் கதவின் மேல் மாட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை. ஆனால் அது அவசர வழி என்பது மூன்று மொழிகளிலும் தெளிவாகத் தெரிந்தது.

ஆம்பூர்ப் பக்கம் வெளிநாட்டுக்கு ஷூ தைக்கிற கம்பெனிகளில் இது புதிதல்ல. ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டரை அனுப்புவார். ஆடிட்டர் சுவரைப் பார்ப்பார். சுவரில் இருப்பது உண்டு, சுவரில் இல்லாதது இல்லை. பொன்பாதத்தின் எச்ஆர் மேலாளர் ஜெயப்பிரகாஷ் இந்தத் தத்துவத்தில் ஊறியவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை சாப்பிடுவதற்கு முன் அதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை ஒட்டுவார்.

நந்தகோபால் அங்கே கான்ட்ராக்ட் ஆள். சென்னையில் ராத்திரி ஷிப்டில் அமெரிக்கர்களின் பிரிண்டர் கோளாறுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவன், தூக்கம் வேண்டும் என்று அதை விட்டுவிட்டு வந்தான். இங்கே பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறான். குடியாத்தத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ். பர்மனென்ட் ஆட்களின் சட்டையில் பாக்கெட் இருக்கும், கான்ட்ராக்ட் சட்டையில் இருக்காது. பாக்கெட்டுக்காக அவன் ஏங்கவில்லை. சந்திராவுக்காக ஏங்கினான். சந்திராவின் அப்பா வேதாசலம் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் பவர்லூம் வைத்திருந்தார். பெண் கேட்டுப் போன ஒவ்வொரு முறையும் அவர் இவன் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தே கேட்டார்: "பர்மனென்ட் ஆய்ட்டியா?"

இந்த நிலையில்தான் டென்மார்க் பையரிடமிருந்து அந்த மெயில் வந்தது.

இனி ஒவ்வொரு லாட் தோலுக்கும் அது எந்தத் தொழிற்சாலையில் பதனிடப்பட்டது, கழிவுநீர் எங்கே போனது என்கிற சான்றிதழைக் கிரிப்டோ டோக்கனாக அனுப்பப்போகிறோம். அதை வாங்கி வைக்க உங்கள் கம்ப்யூட்டரின் பிரவுசரில் ஒரு வாலட் எக்ஸ்டென்ஷனை, அதாவது டோக்கன்களுக்கான பணப்பை போன்ற ஒரு சிறு நிரலை, நிறுவ வேண்டும். நாங்கள் கொடுத்திருக்கும் முகவரியிலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடிப் பிடிக்காதீர்கள், போலிகள் உண்டு. நிறுவும்போது பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் வரும். காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள், எங்களுக்கும் சொல்லாதீர்கள். வார்த்தைகள் யாருக்குத் தெரிகிறதோ வாலட் அவருடையது. சான்றிதழ் இல்லாத லாட்டை நாங்கள் வாங்கமாட்டோம்.

கடைசி வரி சிவப்பில் இருந்தது: பாதுகாப்பாக நிறுவவும்.

ஜெயப்பிரகாஷ் அந்தக் கடைசி வரியை மட்டும் படித்தார். "பாதுகாப்புன்னு வந்துட்டா அது சேஃப்டி கமிட்டி சப்ஜெக்ட்" என்றார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று நந்தகோபாலைக் கூப்பிட்டனுப்பினார். "ஒரு ஆக்சிடென்ட் இல்லாம இத முடிச்சுக் குடு. உன் பர்மனென்ட் ஃபைல நானே எடுத்துட்டுப் போய் சேர்மன் டேபிள்ல வெக்கறேன்."

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம் சார். லிங்க்கு குடுத்திருக்காங்க."

"இன்னா அவசரம் உனக்கு? பர்சேஸ்க்கு சொல்லிட்டியா?"

பர்சேஸ் மேலாளர் கார்முகிலன் மூன்று கொட்டேஷன் இல்லாமல் வீட்டில் காய்கறிகூட வாங்கமாட்டார் என்று பேச்சு உண்டு. அவர் நந்தகோபாலை உட்காரவைத்து, மெயிலில் சொல்லியிருந்ததற்கு நேர்மாறாக, வாலட் என்று அடித்துத் தேடச் சொன்னார். அணில் படம் போட்ட வாலட்டுகள் மூன்று வந்தன. மூன்று அணிலும் ஒரே மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"ரேட்டு இன்னா?"

"ஃப்ரீ சார்."

"ரெண்டாவது?"

"அதுவும் ஃப்ரீதான்."

"மூணு பேரும் சைபரா?" கார்முகிலன் நாற்காலியில் சாய்ந்தார். "பேசி வெச்சுக்கிட்டு கோட் பண்ணியிருக்கானுங்க. சிண்டிகேட்டு. நெகோஷியேட் பண்ணு."

"சைபர்லேர்ந்து எங்க சார் எறக்கறது?"

முதல் அணில் இறங்கி வந்தது. அதன் பக்கத்தில், நிறுவினால் பரிசு உண்டு என்றும், உடனே உங்கள் பழைய வாலட்டின் பன்னிரண்டு வார்த்தைகளைக் கொடுங்கள் என்றும் எழுதியிருந்தது. கார்முகிலனுக்கு அதைப் பிடித்துப்போனது. "பாரு, இவன் நம்ம வெவரமெல்லாம் கேக்கறான். அக்கறை இருக்கு. இன்னொருத்தன் யாருகிட்டயும் சொல்லாதன்றான். அவனுக்கு கஸ்டமர் சர்வீஸே தெரில." ஒப்பீட்டு அறிக்கையில் முதல் அணிலுக்கு மூன்று டிக் விழுந்தது.

அது போலி என்று நந்தகோபாலுக்குத் தெரிந்தது. போலியை நிறுவினால் முதல் சான்றிதழ் வரும்போதே காணாமல் போகும். அதோடு அவனும் போவான். கடைசியில் ஷூ தொழிலின் பாஷையிலேயே சொன்னான். "சார், மூணாவது அணிலோட முகவரிதான் மெயில்ல இருக்கு. அது பையரே நாமினேட் பண்ண சப்ளையர்."

எந்தத் தோலை, எந்த அடிப்பாகத்தை, எந்த நூலை யாரிடம் வாங்குவது என்று பையரே சொல்லிவிட்டால் பர்சேஸ் வாய் திறக்க முடியாது. கார்முகிலன் முகம் சுருங்கியது.

"நாமினேட்டட் வெண்டார்னா இதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஃபைல நீயே எடுத்துட்டுப் போ."

நிறுவும் நாள் குறிக்கப்பட்டது. பயிற்சி அறையில் கமிட்டி உறுப்பினர்கள் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் தீயணைப்பான். நந்தகோபாலுக்குக் ரசாயனக் கரைசல் கலக்குகிறவர்கள் போடும் ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், காதில் பஞ்சு. கையுறைக்குள் விரல் வாழைத்தண்டு மாதிரி இருந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் நான்கு விழுந்தன. தையல் பிரிவு சூப்பர்வைசர் ஹலீமா பீ, முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கோபாலு, இதுல ரத்தம் வருமா?"

"வராதுக்கா."

"அப்ப இன்னாதான் வரும்?"

"பன்னெண்டு வார்த்தை வரும்."

"வார்த்தை வந்தா நான் பஞ்ச வெச்சுக்கினு இன்னா பண்றது?" என்றார் ஹலீமா பீ. "லைன்ல டார்கெட் கெடக்குது. உட்டாங்கன்னா போவேன்."

உள்ளே வரும் பொருளுக்குப் பதிவு போட வேண்டும் என்று கேட்டிலிருந்து செக்யூரிட்டி அப்துல் கரீம் புத்தகத்தோடு வந்தார். பொருள் வாலட், நிறம் பழுப்பு, எண்ணிக்கை ஒன்று. எடை என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. கமிட்டி கொஞ்ச நேரம் விவாதித்தது. காலியாக இருக்கும்போது எடை இருக்காது, சான்றிதழ் வந்த பிறகு மறுபடி நிறுக்கலாம் என்று முடிவானது.

எக்ஸ்டென்ஷன் ஏறியது. பிரவுசரின் மூலையில் அணில் வந்து உட்கார்ந்தது. நந்தகோபால் கடவுச்சொல் வைத்தான். அடுத்த பக்கத்தில் ஒரு எச்சரிக்கை: வார்த்தைகளைக் காட்டப்போகிறோம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "சார், எல்லாரும் கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா..."

"யாரும் பாக்கலன்னு யார் சர்ட்டிஃபை பண்றது?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"நான்தான் சார்."

"நீ கான்ட்ராக்ட். உன் கையெழுத்து செல்லாது. நாங்க ஏழு பேரும் இங்கியே நின்னு, நல்லா பாத்து, யாரும் பாக்கலன்னு கையெழுத்துப் போடறோம்."

ஏழு பேரும் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வார்த்தைகள் இங்கிலீஷில் வந்தன. குடை, வெங்காயம், ஏணி, நாய்க்குட்டி, மாமா, பல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போயின. ஒன்பதாவது வறுமை. ஹலீமா பீ எட்டிப் பார்த்துவிட்டு, "இத வெச்சு சமைக்கவும் முடியாது, கல்யாணமும் பண்ண முடியாது" என்றார். நந்தகோபால் காகிதத்தில் எழுதினான். ஏழு பேரும் 'வார்த்தைகளை யாரும் பார்க்கவில்லை' என்று சாட்சிக் கையெழுத்திட்டார்கள். வேலை ஆக்சிடென்ட் இல்லாமல் முடிந்தது.

முடிந்தது என்று நந்தகோபால் நினைத்தான். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அவசர வழிக் கதவின் மேல் மிச்சமிருந்த இடத்தில் புதிய போர்டு ஒன்று தொங்கியது. 'நமது ரகசிய வார்த்தைகள்' என்று தலைப்பு. மேலே இங்கிலீஷ், கீழே மூன்று மொழிகளில் பொருள். ஓரத்தில் ஒரு அணில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

அவன் ஜெயப்பிரகாஷின் அறைக்கு ஓடினான். "சார், அது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சவன் எடுத்துடுவான்."

"எத எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சாதானே எடுக்காம இருப்பான்? தொழிலாளிக்குப் புரியற மொழியில பாதுகாப்புத் தகவல் இருக்கணும்னு பையர் ரூல். ரகசியத்த நாமளே மறைச்சு வெச்சுக்கிட்டா அது வெளிப்படைத்தன்மை இல்ல."

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. ஒவ்வொரு பிரிவாக உட்காரவைத்து, டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்து, ரகசிய வார்த்தைகளை வெளியில் சொல்லக் கூடாது என்று விளக்கி, சொல்லிக் காட்டச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னவர்களுக்கு மறுபயிற்சி. வர்க்கி நன்றாக இருந்ததால் பலர் தப்பாகச் சொன்னார்கள். பாதுகாப்பு உறுதிமொழிக்குப் பிறகு தொள்ளாயிரம் பேரும் தினமும் காலை குடை, வெங்காயம், ஏணி என்று ஓதினார்கள். ரோட்டோர டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்தபடி மிச்சத்தைச் சொன்னார்.

சேர்மன் மாதத்துக்கு ஒரு முறை சுவர்களைப் பார்வையிடுவார். புதிய போர்டின் முன் நின்றார். ஒன்பதாவது வார்த்தையில் அவர் விரல் நின்றது.

"இது யார் வெச்சது?"

கமிட்டியின் ஏழு பேரும் ஒரே நேரத்தில் நந்தகோபாலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வறுமைன்ற பேச்சுக்கு இங்க எடம் குடுத்ததில்ல. சம்பளத்தப் பத்திப் பேச வர்றவங்ககூட அந்த வார்த்தைய கேட்டுக்கு வெளிய உட்டுட்டுத்தான் உள்ள வரணும். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வந்து பாத்தா இன்னா நெனைப்பான், இங்க வறுமை இருக்குதுன்னு நெனைக்கமாட்டான்? எடுத்துட்டு வளர்ச்சின்னு போடுங்க."

"சார்" என்றான் நந்தகோபால். "அது நாம வெச்சது இல்ல சார். மாத்தினா வாலட் தெறக்காது."

ஜெயப்பிரகாஷ் அவனை முழங்கையால் பின்னுக்குத் தள்ளினார். "மாறாததுன்னு ஒண்ணு கெடையாதுப்பா. போன சீசன்ல நாப்பத்திரெண்டு சைஸ லேபிள் ஒட்டியே நாப்பத்திமூணு ஆக்கினோம். ஒரு வார்த்தைய மாத்த முடியாதா?"

சாயங்காலத்துக்குள் போர்டு மாறியது. நான்கு மொழிகளிலும் வளர்ச்சி. கீழே 'திருத்தம் ஒன்று' என்று முத்திரை. திருத்தம் வந்தால் பழைய பிரதிகளை அழிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நந்தகோபால் கைப்பட எழுதிய காகிதத்தைக் கழிவுத்தோல் நறுக்கும் மெஷினில் போட்டார்கள். தொள்ளாயிரம் பேரும் மறுபடி பயிற்சிக்கு உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த வார்த்தை வளர்ச்சி மட்டுமே என்று கையெழுத்திட்டார்கள். மறுபடியும் வர்க்கி.

இதற்கிடையில் சான்றிதழ்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அணில் பழைய கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்ததால் யாரும் அதனிடம் வார்த்தை கேட்கவில்லை. நந்தகோபால் ஜெயப்பிரகாஷைப் பார்க்கும்போதெல்லாம் ஃபைலைப் பற்றிக் கேட்டான். "ஆடிட்டு முடியட்டும்" என்றார் அவர்.

ஆடிட்டுக்கு முன் பொன்பாதத்தில் எல்லாம் புதிதாகும். செடித்தொட்டிகள் வாடகைக்கு வரும். பாத்ரூமில் சோப்பு வரும். இந்த முறை கம்ப்யூட்டரும் புதிதாக வந்தது. அழுக்கடைந்த பழையதை, அதில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். நந்தகோபால் ஆடிட் அன்று காலையில் வந்து புதிய பிரவுசரின் மூலையைப் பார்த்தான். அணில் இல்லை.

பையரின் முகவரிக்குப் போய் எக்ஸ்டென்ஷனை மறுபடி இறக்கினான். அது ஒன்றே ஒன்றுதான் கேட்டது. பன்னிரண்டு வார்த்தைகள்.

அதற்குள் ஆடிட்டர் பூர்ணிமா சென்னையிலிருந்து வந்துவிட்டார். முதலில் போர்டைப் பார்த்தார். நெகிழ்ந்துபோனார். "இவ்ளோ கம்பெனி பாத்திருக்கேன். ரகசியத்த இவ்ளோ தெளிவா டிஸ்ப்ளே பண்ணது நீங்கதான்." பிறகு வாலட்டைத் திறந்து காட்டச் சொன்னார். எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று தையல் பிரிவின் பெரிய சுவரில் புரொஜெக்டரைப் போட்டார்கள். மெஷின்கள் நின்றன. சேர்மன் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

ஜெயப்பிரகாஷ் கையசைக்க, தொள்ளாயிரம் பேரும் ஓதினார்கள். நந்தகோபால் கேட்டுக் கேட்டு அடித்தான். சுவரில் சிவப்பு வரி வந்தது. வார்த்தைகள் தவறு.

"கையுறை போடல. அதான்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

கையுறை போட்டுக்கொண்டு அடித்தான். இப்போது எல்லா வார்த்தைகளுமே தவறு.

பூர்ணிமா பேனாவை எடுத்தார். "தெறக்கலன்னா மேஜர் ஃபைண்டிங். இந்த லாட் போகாது."

நந்தகோபால் குனிந்து ஜெயப்பிரகாஷின் காதில் சொன்னான். "சார், பழைய வார்த்தையப் போடணும்."

"எந்தப் பழைய வார்த்தை?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

"எனக்குத் திருத்தம் ஒண்ணுதான் தெரியும்."

கார்முகிலனைப் பார்த்தான். அவர் அணைந்து கிடந்த போனில் யாரோடோ பேசத் தொடங்கினார். மற்ற உறுப்பினர்கள் கூரையில் மின்விசிறிகளை எண்ணினார்கள். சேர்மன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை அடித்தால் பர்மனென்ட் போச்சு. அடிக்காவிட்டால் ஆர்டரே போச்சு.

ஹலீமா பீ முதலுதவிப் பெட்டியோடு பக்கத்தில் வந்தார். "போட்டுத் தொலை கோபாலு. லாட் நின்னா என் லைன்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்ப இந்தப் பஞ்சு யாருக்கும் போதாது."

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அடித்தான். ஒன்பதாவது இடத்துக்குப் போய் வளர்ச்சியை அழித்தான். வறுமை என்று இங்கிலீஷில் அடித்தான். தொள்ளாயிரம் பேர் பார்க்க, சுவரில் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. அதன் கீழே சான்றிதழ்கள் வரிசையாக இறங்கின. பின்னால் யாரோ கைதட்டி, சேர்மன் திரும்பியதும் நிறுத்தினார்.

பூர்ணிமா டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது வாலட் காலி. சரியான பன்னிரண்டும் இப்போது சரியாகத் தெரிந்த யாரோ ஒருவர், தன் போனில் ஒரு அணிலை இறக்கி, எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார். தொள்ளாயிரம் பேரின் முகத்திலும் ஒரே மாதிரி அமைதி.

"காலியானது என் ஸ்கோப்ல வராது" என்றார் பூர்ணிமா. "போர்டு இருக்குதான்னு பாக்கறதுதான் என் ஸ்கோப். போர்டு இருக்குது. ஆனா ஒசரம் ஜாஸ்தி, லேடீஸ் பார்வைக்குத் தோதா எறக்கி மாட்டுங்க. அப்புறம் திருட்டு நடந்தா என்கொயரி நடக்கணும். அந்த ஃபைல மட்டும் எனக்கு அனுப்பிடுங்க."

விசாரணை அன்றே தொடங்கியது. ஆவணங்கள் தெளிவாக இருந்தன. தொழிலாளர்கள் அனைவரும் தங்களுக்கு வளர்ச்சி மட்டுமே தெரியும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கமிட்டியின் ஏழு பேரும் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று ஆரம்பத்திலேயே கையெழுத்திட்டிருந்தார்கள். ஆக, அந்தக் கம்பெனியில் வறுமை தெரிந்த ஒரே ஆள் நந்தகோபால்.

"திருத்தத்துல இல்லாத வார்த்தைய எதுக்குப் போட்ட?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

"அதப் போட்டாத்தான் சார் தெறக்குது."

அதை அப்படியே எழுதிக்கொள்ளலாமா என்று அவர் கொஞ்சம் யோசித்தார். எழுதவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அவருக்கு இருந்தது. கான்ட்ராக்ட் ஆளை நாளையிலிருந்து வராதே என்று சொன்னால் போதும், விசாரணை கிடையாது. விசாரணை பர்மனென்ட் தொழிலாளிக்கு மட்டும்தான். ஆடிட்டருக்கோ விசாரணை ஃபைல் வேண்டும். ஜெயப்பிரகாஷ் மதியம் முழுக்கச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சாயங்காலம் நந்தகோபாலைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார்.

கவரில் இரண்டு தாள்கள் இருந்தன. விசாரணை முடியும்வரை நந்தகோபால் பர்மனென்ட் தொழிலாளியாக நியமிக்கப்படுகிறார் என்றது முதல் தாள். அவர் இன்றுமுதல் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, பாதிச் சம்பளத்தில் வீட்டிலிருக்க வேண்டும் என்றது இரண்டாவது.

"வாழ்த்துகள்" என்றார் ஜெயப்பிரகாஷ், கை கொடுத்தபடி. "இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள காலு வெக்காத."

மறுநாள் நந்தகோபால் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வேதாசலத்தின் தறிக்கூடத்துக்குப் போனான். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சந்திரா நூல் கண்டுகளை அடுக்கியபடி முதலில் வாங்கிப் படித்தாள்.

"பாதிச் சம்பளமா?"

"பர்மனென்ட்டு சம்பளத்துல பாதி. முன்ன வாங்கினதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

"வேலை?"

"வேலை கெடையாது. உள்ள போனாதான் பிரச்சினை."

"முன்னையே திருடியிருக்கலாம்" என்றாள் சந்திரா.

"நான் திருடல."

"அத அங்க போய் சொல்லிக்கினு இருக்காத."

வேதாசலம் பக்கத்துத் தறியை நிறுத்திவிட்டு வந்தார். முதல் தாளை விரல் நுனியில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "இந்த மாதிரி ஆர்டர் எவன் வேணா அடிச்சுத் தருவான். இத வெச்சுப் பொண்ணு குடுக்க முடியாது."

பிறகு இரண்டாவது தாளைப் படித்தார். உதட்டை அசைத்து, ஒவ்வொரு வரியாக. மறுபடி மேலிருந்து படித்தார். முகம் மெல்ல மாறியது. முதல் முறையாகச் சட்டையை விட்டுவிட்டு நந்தகோபாலின் கண்ணைப் பார்த்தார்.

"சஸ்பெண்டு பண்ணியிருக்காங்க. என்கொயரி வேற." ஸ்டூலைத் துடைத்து அவன் பக்கம் நகர்த்தினார். "கான்ட்ராக்ட்டு ஆளுக்கு எவன் என்கொயரி வெப்பான். அப்ப நெஜமாவே பர்மனென்ட்டுதான். உக்காருங்க மாப்ள."

நந்தகோபால் உட்கார்ந்தான். சந்திரா டீ போட உள்ளே போனாள்.

"திருடனக் கண்டுபுடிச்சுட்டாங்களா?"

"இல்லீங்க. இப்ப அந்த டென்மார்க்காரன் டோக்கன் சான்றிதழே வேணாம்னு சொல்லிட்டான். பழையபடி பேப்பர்லியே அனுப்பறேன்னுட்டான். என்கொயரி மட்டும் நடக்குது."

வேதாசலம் காலண்டரைப் பார்த்தார். பிறகு தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி குனிந்து சொன்னார்:

"ஆவணியில நல்ல முகூர்த்தம் இருக்குது. அதுவரைக்கும் நீங்க நிரபராதின்னு மட்டும் அவங்க சொல்லிடாம பாத்துக்கோங்க."